ஆன்டிவைரஸ் பின்னணிக்குப் போன கதை

ஆன்டிவைரஸ் மென்பொருள் இன்று யாரும் அழைக்காமலே ஓடுகிறது. கணினியை ஆன் செய்ததும் அதுவும் விழித்துக்கொள்கிறது. திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் முதலில் அது பார்த்துவிடுகிறது. யாரும் வேலை செய்யாத நேரமாகப் பார்த்து ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துழாவுகிறது. தொடக்கத்தில் அது இப்படி இல்லை. 1980களின் இறுதியில் அது பெரும்பாலும் பயனர் தட்டச்சு செய்து ஏவுகிற ஒரு கட்டளையாகவே இருந்தது. வேலை முடிந்ததும் வெளியேறிவிடும். அந்தக் கட்டளை கணினியில் நிரந்தரமாகக் குடியேறியதும், அதனால் கணினி மந்தமானதும், அந்த மந்தத்தைக் குறைக்கவும் மறைக்கவும் தயாரிப்பாளர்கள் வழி தேடியதும் சுமார் நாற்பது ஆண்டு வரலாறு.

தானே பரவும் நிரலும், அதைத் தேடி அழிக்கும் நிரலும் வீட்டுக் கணினிக்கு முந்தியவை. 1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பாப் தாமஸ் எழுதிய கிரீப்பர், அர்ப்பாநெட் வலையில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதைத் தேடிப்பிடித்து நீக்க ரீப்பர் என்ற எதிர்நிரல் வந்தது. அவை ஆய்வாளர்கள் தங்களுக்குள் செய்து பார்த்த சோதனைகள். பொதுமக்களின் மேசைக்கு வைரஸ் வந்தது ஃப்ளாப்பி வழியாகத்தான். 1982இல் ஆப்பிள் 2 கணினிகளில் எல்க் குளோனர் பரவியது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய பிரெய்ன், ஐபிஎம் பிசி வகைக் கணினிகளுக்கான முதல் வைரஸாகப் பல நாடுகளுக்கும் போனது.

பிரெய்ன் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஃப்ளாப்பியின் முதல் செக்டரான பூட் செக்டரில் அது தன்னை எழுதிக்கொண்டது. அங்கே இருந்த அசல் நிரலை வட்டில் வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைப் பழுதான பகுதி என்று குறித்துவைத்தது. யாராவது பூட் செக்டரைப் படிக்க முயன்றால், நகர்த்தி வைத்த அசலை எடுத்துக் காட்டியது. இத்தனைக்கும் சேர்த்து ஃப்ளாப்பி டிரைவ் மந்தமானது. நினைவகத்திலும் 7 கேபி காணாமல் போனது. அடுத்த ஆண்டு ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஜெருசலேம் வைரஸ், கணினியில் புகுந்த சுமார் அரை மணி நேரத்தில் அதன் வேகத்தைக் கெடுத்தது. ஒரே எக்ஸ்இ கோப்பில் திரும்பத் திரும்பத் தொற்றி, ஒவ்வொரு முறையும் அதைச் சுமார் 1,800 பைட் பெருக்க வைத்தது. 1988 நவம்பரில் மோரிஸ் வோர்ம் இணையத்தை முடக்கியதற்கும் காரணம், ஒரே கணினியில் அதன் பல பிரதிகள் ஓடி பிராசசரைத் தின்றதுதான். அந்தக் காலத்தில் கணினி காரணமின்றி மந்தமானால் வைரஸ் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் நியாயமாகவும் இருந்தது.

எதிர்மருந்துகள் 1987இல் ஒரே சமயத்தில் பல இடங்களில் முளைத்தன. ஜெர்மனியில் பெர்ன்ட் ஃபிக்ஸ், வியன்னா வைரஸை நீக்கும் நிரலை எழுதினார். செக்கோஸ்லோவாக்கியாவில் நாட் என்ற ஆன்டிவைரஸ் உருவானது. அமெரிக்காவில் ஜான் மெக்கஃபி வைரஸ்ஸ்கேனைக் கொண்டுவந்தார். பயன்படுத்தும் முறை எளிது. அன்றைய பிசிகளின் இயங்குதளமான டாஸின் திரையில் ‘ஸ்கேன் சி:’ என்று அடித்தால், நிரல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, தெரிந்த வைரஸ்களின் பைட் வரிசை எதுவும் அதில் இருக்கிறதா என்று பார்க்கும். அந்த வரிசைக்கு சிக்னேச்சர் என்று பெயர். கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓடும், முடிவில் எண்ணிக்கை வரும், அத்தோடு வேலை முடியும். சில நிமிடம் ஆகும். ஆனால் அந்த நிமிடங்களைப் பயனரே தேர்ந்தெடுத்தார், கண்ணாலும் பார்த்தார். நேரச் செலவு இருந்தது, ஒளிவுமறைவு இருக்கவில்லை.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. காலையில் ஸ்கேன் செய்துவிட்டு மதியம் நண்பரின் ஃப்ளாப்பியைப் போட்டால், அடுத்த ஸ்கேன் வரை வைரஸைத் தடுக்க ஆளில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நினைவகத்திலேயே தங்கும் காவல் நிரல் வந்தது. முடிந்த பிறகும் நினைவகத்தில் தங்கியிருக்கும் நிரல்களை டாஸ் அனுமதித்தது. கோப்பைத் திற, நிரலை ஓட்டு என்று மற்ற நிரல்கள் இயங்குதளத்தைக் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் அப்படித் தங்கிய நிரலால் வழிமறிக்க முடிந்தது. வைரஸ்கள் பரவப் பயன்படுத்திய தந்திரமும் இதேதான். ராஸ் கிரீன்பெர்க்கின் ஃப்ளூஷாட் பிளஸ் 1987இலேயே இப்படிக் காவல் இருந்தது. மெக்கஃபியின் விஷீல்டு பின்னால் வந்தது. 1993இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்-டாஸ் 6 உடன் விசேஃப் என்ற காவல் நிரலை இலவசமாகவே சேர்த்துத் தந்தது.

கணினி மந்தமாவதன் வேர் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. டாஸில் எல்லா நிரல்களுக்கும் சேர்த்து 640 கேபி நினைவகம்தான். காவல் நிரல் அதில் ஒரு பங்கை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால், பெரிய கணக்கு மென்பொருளோ விளையாட்டோ ஓட இடம் போதாது. ஆகவே அலுவலகங்களில் பலர் தானியங்கித் தொடக்கக் கோப்பிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கிவிட்டார்கள். பாதுகாப்பு இடைஞ்சலாக இருந்தால் மக்கள் பாதுகாப்பைத்தான் முதலில் அணைப்பார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் எடுத்த பல முடிவுகளுக்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது.

தேடும் வேலையும் எளிதாக இருக்கவில்லை. ஃப்ரெட் கோஹன் 1980களின் நடுவிலேயே கணித ரீதியாக ஒன்றை நிறுவியிருந்தார்: எல்லா வைரஸ்களையும் பிழையின்றி இனங்காணும் நிரல் ஒன்றை எழுதவே முடியாது. ஆகவே தெரிந்தவற்றின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைத் தவிர வழியில்லை. நல்வாய்ப்பாக, நீளும் பட்டியலைச் சமாளிக்க ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975இல் வெளியிட்ட முறையில், ஆயிரம் சொற்களைத் தேட வேண்டுமானாலும் உரையை ஒரே ஒரு முறை படித்தால் போதும். அதற்கு விலை நினைவகம். பட்டியல் வளர வளர அதைத் தாங்கும் அட்டவணையும் வளரும். வைரஸ் எழுதியவர்கள் இதற்கும் மாற்று கண்டார்கள். 1990இல் வந்த 1260 என்ற வைரஸும், 1992இல் டார்க் அவெஞ்சர் என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்ட மியூட்டேஷன் எஞ்சினும், ஒவ்வொரு தொற்றின்போதும் நிரலின் உருவத்தை மாற்றின. நிலையான பைட் வரிசையே இல்லாதபோது சிக்னேச்சர் உதவாது. எனவே ஆன்டிவைரஸ், சந்தேகத்துக்குரிய நிரலைத் தனக்குள் ஒரு போலி பிராசசரில் ஓட்டி, அது உருவை அவிழ்க்கும் வரை காத்திருக்கத் தொடங்கியது. கோப்பைப் படித்துப் பார்ப்பதைவிட இதற்குப் பல மடங்கு வேலை.

இந்தக் காலத்தில்தான் இந்தியாவிலும் இத்தொழில் வேரூன்றியது. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991இல் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அதன் தொழில்நுட்பம் பின்னர் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் மூலம் ஜப்பானில் பரவலாக விற்பனையானது. புனேயில் கணினி பழுதுபார்க்கும் கடையிலிருந்து வளர்ந்த கட்கர் சகோதரர்கள் குயிக் ஹீலை உருவாக்கினார்கள்.

விண்டோஸ் வந்ததும் காவல் நிரல் இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. விண்டோஸ் என்டி வழிவந்த இயங்குதளங்களில், கோப்பைக் கேட்கும் நிரலுக்கும் வட்டுக்கும் நடுவே ஃபில்டர் டிரைவர் என்ற அடுக்கைச் செருகலாம். ஆன்டிவைரஸ் அங்கே போய் உட்கார்ந்தது. வேர்டு ஓர் ஆவணத்தைக் கேட்டால், அந்த வேண்டுகோள் இந்த அடுக்கில் நிறுத்தப்படும். கோப்பு பரிசோதிக்கப்பட்டு, தூய்மை என்று தெரிந்த பிறகே வேர்டுக்குப் பதில் போகும். அதுவரை வேர்டு காத்திருக்கும். அது காத்திருப்பது திரையில் தெரியாது. சுங்கச்சாவடியில் ஒரு வண்டிக்குச் சில நொடிதான் ஆகிறது, வரிசையில் ஆயிரம் வண்டி நிற்கும்போதுதான் பயணம் கெடுகிறது. ஒரு பெரிய மென்பொருளைத் திறந்தால் நூற்றுக்கணக்கான துணைக் கோப்புகள் அடுத்தடுத்துத் திறக்கப்படுகின்றன. நிரலாளர் ஒருவர் மூலநிரலைத் தொகுக்கும்போது அது பல்லாயிரமாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆகும் தாமதம் சிறிது; கூட்டினால் நிமிடங்களாகும்.

இந்தக் காவலை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று அறிய, ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு தீங்கற்ற சோதனை வரியை வகுத்துத் தந்தது. அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் போதும். யாரும் ஸ்கேன் பொத்தானை அழுத்தாமலே, பெரும்பாலும் அடுத்த நொடியே எச்சரிக்கை எழும்பி, கோப்பு இருந்த இடத்திலிருந்து மறைந்துவிடும். இத்தனை விரைவாகப் பிடிக்க வேண்டுமானால், சேமிக்கப்படும் கோப்புகளையெல்லாம் இதே விழிப்போடு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலிஸா (1999), ஐ லவ் யூ (2000), கோட் ரெட், நிம்டா (2001), பிளாஸ்டர் (2003) என்று இணையம் வழியே வந்த தொற்றுகள் ஆன்டிவைரஸைக் கட்டாயமாக்கின. விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 64 எம்பி. பரிந்துரைத்தது 128 எம்பி. அப்படிப்பட்ட கணினியில் ஃபயர்வால், ஸ்பாம் வடிகட்டி, பெற்றோர் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டிய பாதுகாப்புத் தொகுப்பு ஏறியதும் கணினி திணறியது. ஆனால் உண்மையான நெருக்கடி நினைவகத்தில் இல்லை, ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். அக்கால மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிவினாடி. தலை நகர இன்னொரு 9 மில்லிவினாடி. ஆகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு வினாடிக்கு எழுபது, எண்பது முறைக்கு மேல் தொட முடியாது. வட்டில் 2 லட்சம் கோப்புகள் இருந்தால், தொட்டு வருவதற்கு மட்டுமே முக்கால் மணி நேரம். இதே வேளையில் பயனரும் ஒரு கோப்பைத் திறக்கிறார் என்றால், தலை இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும். இரண்டு வேலையும் கெடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் பாதிகூட உழைக்காமல் இருக்கும், கணினியோ நகராது. பிராசசர்தான் கணினியின் வேகம் என்று நினைத்தவர்களுக்கு இது புதிராகவே இருந்தது. பலர் காரணம் தெரியாமல் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவினார்கள்.

முழு ஸ்கேனை இரவுக்குத் தள்ளுவது எளிய தீர்வாகத் தோன்றியது. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த விண்டோஸ் டிஃபெண்டர் பின்னிரவு 2 மணியைக் குறித்துவைத்திருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் இரவில் அணைந்திருக்கும். தவறிய ஸ்கேனை ஈடுகட்ட நினைக்கும் மென்பொருள், கணினி விழித்தவுடன், அதாவது பயனருக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், வேலையைத் தொடங்கும். அலுவலகங்களில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. ஒரே சர்வரில் பல டஜன் மெய்நிகர்க் கணினிகள் ஓடத் தொடங்கியபோது, குறித்த மணிக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் ஸ்கேனைத் தொடங்கின. பொதுவான வட்டு அந்தப் பாரத்தைத் தாங்காமல் நிலைகுலைந்தது. தொழிலில் இதை ஆன்டிவைரஸ் புயல் என்றே சொன்னார்கள்.

வேலையைக் குறைக்கும் வழிகளும் வந்தன. ஒருமுறை தூய்மை என்று கண்ட கோப்பு மாறாதவரை அதை மறுபடி பார்க்கத் தேவையில்லை. இதை நினைவில் வைக்க காஸ்பர்ஸ்கை தன் ஐந்தாம் பதிப்பில், ஒவ்வொரு கோப்போடும் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் இருக்கும் துணைத் தரவில் குறிப்பு எழுதியது. அதே காலத்தில் நார்ட்டன் சிஸ்டம்வொர்க்ஸ், நீக்கிய கோப்புகளைக் காக்கும் ஒரு கோப்புறையை விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்து வைத்திருந்தது. சோனி இசைத்தட்டுகளில் ஒளிந்திருந்த ரூட்கிட் என்ற மறைப்பு நிரலை 2005இல் வெளிப்படுத்திய மார்க் ருசினோவிச், 2006 ஜனவரியில் இவ்விரண்டையும் விமர்சித்தார். பயனருக்குத் தெரியாமல் எதையும் மறைப்பது தீங்கு நிரலின் வழக்கம். பாதுகாப்பு மென்பொருள் அதைச் செய்யலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். நார்ட்டனின் தயாரிப்பாளரான சிமான்டெக் உடனே திருத்தம் வெளியிட்டது. காஸ்பர்ஸ்கை இதில் ஆபத்தில்லை என்று மறுத்தாலும், பின்னர் வேறு முறைக்கு மாறியது. விமர்சனம் நியாயமானது. மந்தத்தைக் குறைக்கும் நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும், கணினியின் உரிமையாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தகைய நினைவுக்குறிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. புதிய சிக்னேச்சர் வந்ததும் பழைய தீர்ப்பு செல்லாது. நேற்று தூய்மை என்றது இன்று அப்படி இல்லாமல் போகலாம். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நாள்தோறும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீங்கு நிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட நிலையில் பட்டியல் ஒரு நாளில் பல முறை மாறுகிறது.

திருப்பம் 2007, 2008இல் வந்தது. விஸ்டா, வட்டு வேலைகளுக்கும் முன்னுரிமை வரிசையைக் கொண்டுவந்தது. பயனரின் வேண்டுகோளுக்கு வழிவிட்டு ஸ்கேன் ஒதுங்கி நிற்க முடிந்தது. மந்தத்துக்குப் பெயர்போன நார்ட்டன், 2008இல் வெளியிட்ட 2009ஆம் ஆண்டுப் பதிப்பை முற்றாகத் திருத்தி எழுதி, வேகத்தையே விளம்பரமாக்கியது. கோடிக்கணக்கான பயனர்களின் கணினிகளில் பரவலாகக் காணப்படும் நம்பத்தக்க கோப்புகளை அது ஸ்கேனிலிருந்து விலக்கியது. மவுஸும் கீபோர்டும் அசையாத நேரத்தில்தான் கனமான வேலைகளைத் தொடங்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சிக்னேச்சர் பட்டியலின் பெரும்பகுதி தொலைவிலுள்ள சர்வர்களுக்குப் போனது. பாண்டா 2009இல் கிளவுட் ஆன்டிவைரஸை வெளியிட்டது. ஏவி-டெஸ்ட் தன் மதிப்பீட்டில் பாதுகாப்புக்கு 6 புள்ளி என்றால், கணினியை மந்தமாக்காமல் இருப்பதற்கும் அதே 6 புள்ளி என்று வைத்தது. இந்த ஒரு முடிவு தயாரிப்பாளர்களை நெருக்கியது போல வேறெதுவும் நெருக்கவில்லை என்றே சொல்லலாம். பிறகு எஸ்எஸ்டி பரவியது. நகரும் தலை இல்லாத அந்த வட்டு வினாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். பழைய நெருக்கடியின் பெரும்பகுதியை அதுவே தீர்த்துவிட்டது.

ஆனால் எஸ்எஸ்டியும் பிராசசரின் வேலையைக் குறைக்காது. மைக்ரோசாஃப்ட், ருமேனியாவின் ஜிகேட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை 2003இல் வாங்கி, 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸை இலவசமாகத் தந்து, 2012இல் விண்டோஸ் 8 உடன் டிஃபெண்டரை முழு ஆன்டிவைரஸாக்கியது. இப்போது வேறொன்றை நிறுவாத எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அதுவே காவல். குறித்த நேர ஸ்கேனில் அது பிராசசரில் சராசரியாகப் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது இயல்பான அமைப்பு. கோப்புகளோடு நில்லாமல், ஓடும் நிரல்களின் நடத்தையையும் அது கவனிக்கிறது. அதில் ஒரு நீண்ட கோளாறு 2018இல் தெரியவந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் நினைவகப் பகுதிகளின் அனுமதியை அடிக்கடி மாற்றும். அப்படி மாறும்போதெல்லாம் டிஃபெண்டருக்கு ஒரு செய்தி போகும். ஒவ்வொரு செய்திக்கும் டிஃபெண்டர் தேவைக்கு மிஞ்சிய கணக்கைச் செய்தது. ஃபயர்ஃபாக்ஸில் வீடியோ பார்த்தாலே மின்விசிறி இரைந்தது. பழி உலாவியின் மேல் விழுந்தது. ஐந்தாண்டு கழித்து 2023 வசந்தத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தம், உலாவும்போது டிஃபெண்டர் எடுத்த பிராசசர் நேரத்தைச் சுமார் 75 சதவீதம் குறைத்தது.

பாரம் தாங்காதவர்கள் கையாளும் மற்றொரு வழி விலக்குப் பட்டியல். தரவுத்தளக் கோப்புறைகளையும் மெயில் சர்வர் கோப்புறைகளையும் ஸ்கேனிலிருந்து விலக்குமாறு மென்பொருள் நிறுவனங்களே பரிந்துரைக்கின்றன. வேகம் கிடைக்கிறது, கூடவே தீங்கு நிரல் ஒளிய ஓர் இடமும் கிடைக்கிறது. அந்தப் பட்டியலைத் தேடிப் படிக்கும் நிரல்களும், அதில் தங்களையே சேர்த்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு. 2023இல் விண்டோஸ் 11இல் நிரலாளர்களுக்காக வந்த டெவ் டிரைவ் இதற்கு நடுவழி காண முயன்றது. நம்பத்தக்கது என்று குறித்த அந்த வட்டுப் பகுதியில், கோப்பு முதலில் திறந்துவிடும், சோதனை பின்னால் நடக்கும். டாஸ் காலத்துக் காவல் நிரல்கள் தொடங்கிவைத்த ‘முதலில் சோதனை, பிறகு அனுமதி’ என்ற வரிசை இங்கே முதன்முறையாக விண்டோஸிலேயே அதிகாரபூர்வமாகத் தளர்த்தப்பட்டது.

இயங்குதளத்தின் ஆழத்தில் காவலை உட்கார வைப்பதற்கு மந்தத்தைவிடப் பெரிய விலையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது; பல விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை நின்றுபோனது. அதன் பிறகு மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு மென்பொருளை இயங்குதளத்தின் கருவிலிருந்து வெளியே நகர்த்தும் திட்டத்தை அறிவித்து, 2025இல் தன் கூட்டாளி நிறுவனங்களோடு சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. கருவுக்கு வெளியே இருந்தால் பிழை ஒன்று கணினியையே சாய்க்காது. ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கருவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி போய்வர வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை எங்கே சேமிப்பது என்பதில்தான் இப்போது பொறியாளர்கள் முனைந்திருக்கிறார்கள்.